சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை

அந்த அறையில் நாற்காலிகள் பதினொன்று. உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். மின்விசிறி இரண்டு, அவற்றில் ஒன்று ஓடவில்லை. வேலூர் வெயிலில் ஒரு மின்விசிறி சும்மா தொங்குவதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். வகுப்பு எடுக்க வந்த சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது போன வாரமே போயிடுச்சுப்பா. நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"அந்தப் பக்கம் உக்காந்தா கடிகாரம் தெரியாது சிஸ்டர்."

"கடிகாரம் இன்னாத்துக்கு?" என்றாள் என் மனைவி. "முடிஞ்சா அவங்களே அனுப்புவாங்க."

கடிகாரம் எதற்கு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நாடி பார்க்கத்தான்.

இரண்டு வருடமாக என் இதயத்தின் மேலறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருந்தன. சில நாள் ஒழுங்காக இருக்கும். சில நாள் மாடி ஏறுகிற பாதியில், நெஞ்சுக்குள் யாரோ புளியங்கொட்டையை முறத்தில் போட்டுக் குலுக்குவது போல ஆகிவிடும். எங்கள் வீட்டில் படிகள் பதினேழு. ஒன்பதாவது படியில் நின்று, மிச்சம் எட்டையும் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். மாத்திரைகளுக்கு அது அடங்கவில்லை. தொடையிடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை செலுத்தி, தப்பான மின்சாரம் கிளம்புகிற இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார்கள். ஒருமுறை தேதி கொடுத்தார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து அது போயிற்று. அடுத்த தேதிக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். அது நாளை மறுநாள். அதற்கு முன்னால் நோயாளிகள் எல்லோரும் இந்த வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் ஏற்பாடு.

நோயாளிகள் மூன்று பேர், துணைக்கு வந்தவர்கள் மூன்று பேர். என் வலப்பக்கத்தில் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், அவருடைய மகன். எதிரே குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் ஓர் அம்மாள், அவருடைய தங்கை. மூவருக்கும் ஒரே வியாதி. பாய்க்கும் எனக்கும் ஒரே நாளில் கம்பி. அந்த அம்மாளுக்கு அடுத்த வாரம்.

எனக்கு ஆம்பூர் என்று தெரிந்ததும் பாய் என் பக்கம் சாய்ந்தார். "ஆம்பூர்ல எங்க இருந்தீங்க சார்?"

"தோல் கம்பெனியில. செலக்ஷன்ல. முப்பத்தாறு வருஷம்."

"செலக்ஷனா." அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்ப என் தோலைத் தள்ளினது நீங்கதான்."

"தள்ளியிருப்பேன்."

"இன்னா குறை கண்டீங்க அதுல?"

"உண்ணி கடி ஜாஸ்தி."

தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கொம்பு கீறல் எத்தனை, உண்ணி கடித்த புள்ளி எத்தனை, கத்தி பட்ட ஓட்டை எத்தனை என்று எண்ணித் தரம் பிரிப்பதுதான் என் வேலையாக இருந்தது. வேலையை விட்டு வந்துவிட்டேன். எண்ணுவதை விட முடியவில்லை. பாய் தமது தோல்களில் உண்ணியே உட்காராது என்று மறுக்கத் தொடங்கியபோது சிஸ்டர் வகுப்பை ஆரம்பித்தார்.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் இதயம் இருந்தது. நான்கு துண்டுகளாகப் பிரியும் இதயம். பிரித்தபோது ஒரு துண்டு நழுவி உருண்டு பாயின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

"என்னோடதா பாருங்க சிஸ்டர்," என்றார் பாய், கால்களைத் தூக்கிக்கொண்டு.

துண்டை எடுத்துப் பொருத்திவிட்டு, இடப்பக்க மேலறையில் ஓரிடத்தைச் சிஸ்டர் விரலால் சுற்றிக் காட்டினார். "இந்த ரத்தக்குழாய் வாய் இருக்கு பாருங்க, இதைச் சுத்தி சின்னச் சின்னதா சூடு வெப்பாங்க."

சூடு என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. சூடு வைத்த மாட்டின் தோல் என் மேசைக்கு வந்தால், மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல இருந்தாலும் முதல் தரத்தில் போகாது. கையாலேயே தடவிக் கண்டுபிடித்துவிடுவேன்.

"தழும்பு விழுமா சிஸ்டர்?"

"விழணும்ப்பா. அந்தத் தழும்பு வழியா கரண்ட் போகாது. வேலி போட்ட மாதிரி நிக்கும். சரியா விழலைன்னாதான் நீங்க திரும்ப வரணும்."

"மொத்தம் எத்தனை சூடு?"

"அது ஆளைப் பொறுத்து."

"சராசரியா ஒரு ஆளுக்கு."

"உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும்ப்பா."

"எண்ணிச் சொல்றோம்னு சொல்லிடுங்க சிஸ்டர்," என்றார் பாய். "இல்லன்னா இவர் நடுவுல எழுந்து உக்காந்துக்கினு எண்ணுவார்." பிறகு என் காதருகே குனிந்தார். "நாளன்னிக்கு நாம ரெண்டு பேரும் செகண்ட் குவாலிட்டி சார். பாத்துத் தள்ளுங்க."

அடுத்தது நாடி. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். எனக்கு அதில் பாடம் தேவையில்லை என்பதைத் தெரிவிக்க, பையிலிருந்து என் நாடி நோட்டை எடுத்து நீட்டினேன். சிஸ்டர் இரண்டு பக்கம் புரட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா எண்றீங்க?"

"பதினாலு. ஞாயித்துக்கிழமை பதினாறு."

"ஞாயித்துக்கிழமை மட்டும் இன்னா?"

"அன்னிக்கு பேப்பர்ல ஒண்ணும் இருக்காது."

"ஒவ்வொரு தடவையும் முழு நிமிஷம் எண்றீங்களா?"

"பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கிடுவேன்."

சிஸ்டர் நோட்டை மூடினார். "ஒரே சீரா ஓடற துடிப்புன்னா அது சரிப்பா. உங்களுது தாறுமாறா ஓடுது. அதுல கால் நிமிஷத்தை எடுத்து எப்படிப் பெருக்குவீங்க? காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, முழு நிமிஷம், அது போதும். எண்ண எண்ணப் பயம் வரும். பயத்துல துடிப்பு ஜாஸ்தியாகும். ஜாஸ்தியாச்சேன்னு திரும்ப எண்ணுவீங்க."

"நல்லா சொல்லுங்க," என்றாள் என் மனைவி. அன்று அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

இரண்டு வருடம், மூன்று நோட்டு, அத்தனை பெருக்கலும் வீண். அதை நினைத்து நான் வருந்திக்கொண்டிருந்த நேரத்தில் சிஸ்டர் குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்.

"இப்ப சொல்றதை எல்லாரும் கவனமா கேளுங்க. மேலறை நடுங்கிக்கினே இருந்தா ரத்தம் ஒரு மூலையில தேங்கும். தேங்கினா உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும், பேச்சு போயிடும். உள்ள கட்டி இருக்கறப்ப கம்பியை விட்டா, நாமளே அதைத் தள்ளி விட்ட மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இந்த மூணு வாரத்துல யாராவது ஒரு வேளையாவது விட்டிருக்கீங்களா?"

மூவரும் இல்லை என்றோம். என் குரல்தான் உரக்க இருந்தது. வாங்கிய மாத்திரை, போட்ட மாத்திரை, மீதி மாத்திரை, இந்த மூன்றும் என் நோட்டில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்தேன்.

பாய் கையைத் தூக்கினார். "சிஸ்டர், நோன்பு வருது. விடியறதுக்கு முன்ன சஹர் நேரத்துல ஒண்ணு, நோன்பு திறந்ததும் ஒண்ணு போட்டா ஆச்சா?"

"டாக்டர்கிட்ட கேட்டு நேரத்தை எழுதித் தர்றேன் பாய். நேரம் கொஞ்சம் முன்ன பின்ன மாறலாம். ஆனா வேளை தப்பக் கூடாது. வயிறு காலியா இருந்தாலும் இந்த மாத்திரை உள்ள போகணும்."

வயிறு காலியா இருந்தாலும். அந்த மூன்று சொற்களும் எனக்காகவே சொல்லப்பட்டவை போல வந்து விழுந்தன.

எனக்கு மாதாமாதம் கிருத்திகை விரதம் உண்டு. பகலில் ஒரு வேளை சாப்பாடு. ராத்திரி ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும். மாத்திரைச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. பாலும் பழமும் சாப்பாடு ஆகாது. ஆகும் என்றால் விரதம் முறிந்துவிடும். சாப்பாடே இல்லாத ராத்திரியில் சாப்பாட்டுக்குப் பின் என்று ஒரு நேரம் எங்கிருந்து வரும்? ஆகவே அந்த ராத்திரி மாத்திரை விட்டுப்போனதாக நான் எழுதுவதில்லை. அன்று அது கிடையாது, அவ்வளவுதான். நோட்டில் 'கி' என்று எழுதி ஒரு கோடு இழுத்துவிடுவேன். "போட்டுக்கினா இன்னாங்க, முருகன் வந்து சீட்டை வாங்கிப் பாப்பாரா?" என்று மனைவி கேட்டதுண்டு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். கடைசிக் கிருத்திகை ஒன்பது நாளைக்கு முன்புதான் போயிருந்தது.

இப்போது சொன்னால் தேதி போய்விடும். இன்னொரு நான்கு மாதம், ஒன்பதாவது படியோடு திரும்புகிற நான்கு மாதம். மூன்று வாரத்துக்கு நாற்பத்திரண்டு வேளை. அதில் விட்டது ஒன்று. நாற்பத்திரண்டுக்கு ஒன்று என்றால் முதல் தரத் தோலிலேயே நாங்கள் பொறுத்துக்கொள்வோம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கை கால் விழுவதற்கு எத்தனை கட்டி வேண்டும் என்று சிஸ்டர் சொல்லவில்லை. அவர் பேச்சில் அது ஒருமையில்தான் இருந்தது. என் மூன்று விரல்கள் தாமாகவே மணிக்கட்டுக்குப் போயின. மனைவி அந்தக் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம்," என்றேன். "எனக்கில்ல. ஒருத்தர் கிருத்திகை விரதம் இருக்கார்னு வெச்சிக்குங்க."

"யாருப்பா அந்த ஒருத்தர்?"

"தெரிஞ்சவர். தோஸ்த்."

பாய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "அந்த தோஸ்த் நானில்ல சிஸ்டர். நம்மளுக்குக் கிருத்திகை கிடையாது."

"அவர் ராத்திரி சாப்பாடு சாப்பிட மாட்டார். அதனால சாப்பாட்டுக்குப் பின் போடற மாத்திரையை..."

"உங்க தோஸ்துக்கு நாளன்னிக்குக் கம்பி விடறாங்களா?"

நான் நோட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"விடறாங்க," என்றாள் என் மனைவி.

சிஸ்டர் திட்டவில்லை. நோட்டைத் திரும்ப வாங்கி, தேதியைத் தேடி, 'கி' மேல் விரலை வைத்தார். "அப்பா, இதை எழுதி வேற வெச்சிருக்கீங்க."

"கணக்கு சரியா இருக்கணும் இல்ல."

"பால் குடிச்சீங்க, பழம் சாப்பிட்டீங்க. அப்புறம் போட்டிருக்கலாமே."

"அது சாப்பாடு இல்ல சிஸ்டர்."

"பின்ன?"

"ஆகாரம்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் குடியாத்தத்து அம்மாள் முதல்முறையாகப் பேசினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப சப்பாத்தி?"

சிஸ்டர் திரும்பினார். "சப்பாத்திக்கு இன்னாம்மா?"

"சுகர் இருக்குதுன்னு ராத்திரியில சப்பாத்திதான் துன்றேன். அது டிபன் ஆச்சே. சாப்பாடுன்னா சோறுதானே? ராத்திரி சோறு துன்ற அன்னிக்கு மட்டும் மாத்திரை போட்டுக்குவேன்."

"ராத்திரி கடைசியா எப்பம்மா சோறு சாப்பிட்டீங்க?"

அந்த அம்மாள் தங்கையைப் பார்த்தார். தங்கை கொஞ்சம் யோசித்தார். "கல்யாணத்துக்குப் போனோமே, அன்னிக்கு. பிரியாணி."

"பிரியாணியை சாப்பாட்டுல சேத்தாங்களே, அது வரைக்கும் சந்தோஷம்," என்றார் பாய்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அந்த அம்மாள் உட்பட. சிஸ்டர் சிரிக்கவில்லை. "கல்யாணம் எப்ப?" என்று கேட்டார். போன மாதம் என்று தெரிந்ததும், பிளாஸ்டிக் இதயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, யாருக்கோ போன் செய்தார். ஐந்து நிமிடத்துக்குள் வேறொரு சிஸ்டர் வந்து அந்த அம்மாளையும் தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் அவர்களுடைய துணிப்பை மட்டும் இருந்தது. பாயின் மகன் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் விட்டது ஒரு வேளை. அந்த அம்மாள் ஒரு மாதமாக ராத்திரி மாத்திரையே போடவில்லை. நாற்பத்திரண்டுக்கு ஒன்று என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தால், அந்த அம்மாளும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வந்து மேசையில் படுத்திருப்பார்.

சிஸ்டர் எங்கள் சீட்டுகளை வாங்கி மேசைமேல் வரிசையாக வைத்தார். "வயித்தைப் புரட்டாம இருக்கட்டும்னுதான் சாப்பாட்டுக்குப் பின்னு எழுதறது. இப்படி ஒரு அர்த்தம் வரும்னு நாங்க நெனைக்கல," என்றார். ஒவ்வொரு சீட்டிலும் அந்தச் சொற்களை அடித்தார். பக்கத்தில் 'காலை 8, இரவு 8' என்று எழுதினார். அதற்கும் கீழே, 'சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்'.

"அதுவும் அர்த்தம் மாறும் சிஸ்டர்," என்றேன். "சாப்பிட்டாலும்னா எதைச் சாப்பிட்டாலும்?"

"எதையுமே சாப்பிடாட்டியும் எட்டு மணி எட்டு மணிதான்ப்பா," என்றார். "கடிகாரம் பாக்கறது உங்களுக்குப் புடிக்கும் இல்ல. பாருங்க."

மறுநாள் காலை தொண்டை மரத்துப்போக மருந்தை அடித்து, விரல் கனத்துக்கு ஒரு குழாயை விழுங்கச் சொன்னார்கள். இதயத்துக்குப் பின்னால் நின்று படம் பிடிக்கிற குழாய். முழுங்குங்க என்று ஏழு முறை சொன்னார்கள். ஏழாவது முறைதான் அது இறங்கியது. டாக்டர் என் பேரன் வயதுக்காரர். "கட்டி இல்லைங்க ஐயா. ஆனா ஒரு மூலையில ரத்தம் புகை மாதிரி சுழலுது. அவசரப்பட வேணாம். மூணு வாரம் ஒரு வேளை விடாம மாத்திரை போட்டுட்டு வாங்க. திரும்பப் பாத்துட்டு அன்னிக்கே செஞ்சிடலாம்," என்றார். நான்கு மாதம் மூன்று வாரமாகச் சுருங்கியதில் எனக்கு லாபம்தான். இருந்தாலும் அடுத்த நாள் காலை பாயைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போவார்கள், என்னைக் கொண்டு போக மாட்டார்கள் என்பது மனதுக்குப் பேஜாராகத்தான் இருந்தது.

ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும், "நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் மனைவி. மாதனூர் வருவதற்குள் அதை நான்கு முறை சொல்லிவிட்டாள்.

பதினேழாவது நாள் கிருத்திகை வந்தது. ராத்திரி எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாலும் பழமும் இன்னும் எடுக்கவில்லை. மனைவி தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். முள் எட்டுக்கு வந்ததும் போட்டு விழுங்கினேன்.

அவள் சுவாமி படத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலையே," என்றாள்.

இரண்டாவது முறை குழாய்க்குப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் குடியாத்தத்து அம்மாள் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அவருக்கு உள்ளே கட்டி இருந்ததாம். மாத்திரையிலேயே கரைந்துகொண்டு வருகிறதாம்; முழுதும் கரைந்ததா என்று பார்க்கத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"இப்ப சப்பாத்தி துன்னாலும் போடறேன், துன்னலைன்னாலும் போடறேன்," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தோஸ்த் எப்படி இருக்கார்?"

"மேலுக்கு நல்லா இருக்கார்மா," என்றேன்.

குழாய் இந்தமுறை ஐந்தாவது முழுங்குக்கே இறங்கியது. புகை இல்லை. அன்றைக்கே கம்பியை விட்டார்கள். மயக்கத்தில் இருந்ததால் எத்தனை சூடு என்று எண்ண முடியவில்லை. பிறகு டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொண்டேன். வலது காலை மடக்காமல் ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்றார்கள். தலைக்கு மேலே திரையில் பச்சைக் கோடு ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டு சிஸ்டர் புதியவர். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாத்திரைத் தட்டோடு வந்தார்.

"சாப்ட்டாச்சாப்பா?"

"இட்லி வாங்க ஆள் போயிருக்கு சிஸ்டர்," என்றாள் மனைவி.

"அப்ப சாப்ட்டுட்டுப் போடுங்க. இங்க வெச்சிட்டுப் போறேன்."

"கொடுங்க," என்றேன் படுத்தபடியே. "எட்டாகப் போவுது."

"வெறும் வயித்துலயாப்பா?"

நான் தலையைத் தலையணையில் வசதியாகத் திருப்பிக்கொண்டு, சாப்பாடு, டிபன், ஆகாரம் என்று மூன்று விரலை நீட்டினேன். மனைவி காலடியில் இருந்த ஸ்டூலை இழுத்து அந்தச் சிஸ்டர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்கம்மா," என்றாள். "இது முடிய நேரமாவும்."